சின்னப் பெட்டிக்காரி

கையளவு கம்ப்யூட்டர் விற்கப் போகிறவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, "மீதி எங்கே?" என்ற கேள்விக்குப் பல்லைக் கடிக்காமல் பதில் சொல்வது.

எண்பதுகளின் நடுவில் அலோர் ஸ்டாரில் ஒரு ரேடியோ, டிவி கடையில் நான் இந்தப் பதிலைச் சொல்லியே தொண்டை வறண்டு போனேன். அதற்கு முன் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். கெடாவிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பெண்கள் போனோமே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. மைக்ராஸ்கோப்புக்குள் கண்ணை நுழைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஷிப்டு முழுக்க ஒட்டுகிற வேலை. கனவில்கூட கம்பி ஒட்டினேன். அதிலிருந்து தப்பிக்க மாலை வகுப்புக்குப் போய், ஒரு சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தக் கடையில் வந்து விழுந்தேன்.

முதலாளி ஒரு சீனர். எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம் என்பதால் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவார். அவருக்குத் திடீரென்று சின்னக் கம்ப்யூட்டர் மேல் ஆசை வந்துவிட்டது. கடையின் மூலையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு சால்டரிங் கோல், அப்புறம் ஸ்டெல்லாவாகிய நான். இவ்வளவுதான் எங்கள் கம்ப்யூட்டர் பகுதி.

சின்னப் பெட்டியை விற்பது ஒரு தொல்லை. அதை ஒரு குள்ளமான பெண் விற்பது இன்னொரு தொல்லை. உள்ளே வருகிறவர்கள் பெட்டியைப் பார்த்து "மீதி எங்கே?" என்பார்கள். பிறகு என்னைப் பார்த்து "டெக்னிஷியன் எங்கே?" என்பார்கள். இந்தப் பிழைப்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

மேசைக்கு அடியில் தேடியவர்

ஒருநாள் பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை முதலாளி வந்தார். கம்ப்யூட்டரைப் பார்க்கப் போகிறோம் என்பதற்காகவே நல்ல சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார். பத்திரிகையில் எங்கேயோ கம்ப்யூட்டர் படம் பார்த்திருக்கிறார். அறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கச் சக்கரம், பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஆள். எங்கள் மேசையில் இருந்ததோ பிஸ்கட் டின் மூடி அளவுக்கு ஒரு தட்டைப் பெட்டி. மேலே எழுத்துப் பட்டன்கள், பின்னால் டிவிக்குப் போகிற ஒரு ஒயர்.

நான் அவர் கடைப் பெயரைத் தட்டிவிட்டு, திரை முழுக்க அது வரி வரியாக ஓடும்படி செய்தேன். கைதட்டினார். பிறகு மெதுவாகக் குனிந்து மேசை விரிப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். அங்கே என் செருப்புதான் இருந்தது. எழுந்துபோய்ப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தார். விளக்குமாறு அவர் மேல் சாய்ந்தது. எல்லாமே இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, உள்ளே நகம் அளவு சில்லு ஒன்றுதான் கணக்குப் போடுகிறது, ராத்திரி விளக்குக்கு ஆகிற கரண்டுகூட இதற்கு ஆகாது என்று நான் பாடமே நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார். தவுக்கே வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு குழந்தையிடம் கேட்பதுபோல் அன்பாகக் கேட்டார்:

"தங்கச்சி, பெட்டி ரொம்ப அழகா இருக்கு லா. கம்ப்யூட்டர எப்ப காட்டுவ?"

யானிலிருந்து வந்த டிவி

யான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு நெல் ஆலையில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவராக இருந்த அண்ணன் ஒருவர் துணிந்து ஒன்றை வாங்கிப் போனார். கொஞ்ச நாளில் போன் வந்தது. கம்ப்யூட்டர் ரோசாக் ஆகிவிட்டதாம், பட்டனைத் தட்டினால் எழுத்து வரவில்லையாம். "ஒன்னும் பயப்படாதீங்கண்ணே, ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றேன்.

சனிக்கிழமை கடை வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. பின்னால் நெல் மூட்டைகளுக்கு நடுவில், நாலு காலும் இழுப்புக் கதவும் வைத்த பழைய காலத்து மர டிவி ஒன்று கயிறு கட்டி நின்றது. அது சாயாமல் இருக்க ஆளுக்கு ஒரு பக்கம் இரண்டு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். குனோங் ஜெராய் மலை அடிவாரத்திலிருந்து அந்தக் குழி ரோடு முழுக்க அப்படியே வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கே முதுகு வலித்தது. நாலு பேர் சேர்ந்து உள்ளே இறக்கினார்கள். போட்டுப் பார்த்தால் டிவியில் படம் அருமையாகத் தெரிகிறது.

"கம்ப்யூட்டர் எங்கண்ணே?" என்றேன். அவர் டிவியைக் காட்டினார். விசாரித்தால் அவர் சொன்ன நியாயம் இது: டிவிதான் சூடாகிறது, டிவிதான் ஒரு வாசனை விடுகிறது, அணைத்தால் டிவிதான் 'டொப்' என்கிறது, அதனால் வேலை செய்வது டிவிதான். அந்தச் சின்னப் பட்டன் பலகை இத்தனை நாளில் ஒருமுறைகூட வெதுவெதுப்பாக ஆனதில்லை. பழுது அந்தப் பலகையில்தான் என்று நான் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கலாமே அண்ணே என்றேன், அழாத குறையாக. அவர் சொன்னார்:

"சின்னதுதானே, அத வேற தூக்கிட்டு வந்து உங்களுக்கு ஏன் சிரமம் கொடுக்கணும்னு வீட்லயே விட்டுட்டேன்."

கரோல் கேசட்

அப்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கான புரோகிராம் சாதாரணப் பாட்டுக் கேசட்டில்தான் வரும். ரேடியோ கேசட்டைப் பெட்டியோடு ஒயரில் இணைத்து ஓட்டினால், பெட்டி அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும். மனிதர்கள் கேட்டால் தகரத்தில் ஆணியால் கிழிக்கிற சத்தம். நான் என் புரோகிராம் கேசட்டுகளைக் கைப்பையில் வைத்திருந்தேன். என் அம்மா மாதா கோயில் கரோல் குழுவுக்குத் தலைவி. அவர் கேசட்டும் அதே நிறம், அதே உறை. டிசம்பர் மாதம் ஒரு காலை, அம்மா அவசரத்தில் மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை ஒத்திகையில் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, ஃபாதர் கைகட்டி நிற்க, அம்மா பட்டனை அழுத்தியிருக்கிறார். ஒரு சின்னப் பையன் பயத்தில் ஆட்டிடையன் தாடியைப் பிய்த்து எறிந்துவிட்டானாம். அம்மா பெருமூச்சோடு இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்குள் கடையில் என் தலை உருண்டிருந்தது.

அன்று காலை பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் மேனேஜர் டிவி வாங்க வந்தார். சிவலிங்கம் என்று பெயர். தமிழர்தான் என்றாலும் தோட்டத்தில் அவரைத் தொரை என்றுதான் கூப்பிடுவார்கள். தவுக்கே அவரைப் பிடித்து என் மேசை முன் உட்கார வைத்து, "இப்ப பாருங்க" என்றார். நான் கேசட்டைப் போட்டேன். ஓடியது. பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் போட்டேன், ஒன்றுமில்லை. தவுக்கே ஒயரைப் பிடுங்கினார். உடனே கடை முழுக்க என் அம்மாவின் குரல், பெத்லகேமில் பாலன் பிறந்தார் என்று உச்சஸ்தாயியில் கிளம்பியது. மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, அவர் கேட்ட ஒரு கேள்விதான் என் வாழ்க்கையைத் திருப்பியது. தண்ணீர்த் தொட்டி காலியானால் பம்பை ஓட விட்டு, நிறைந்தால் நிறுத்துவதற்கு இந்த மாதிரி ஒரு பெட்டி செய்ய முடியுமா? முடியும் என்றேன். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, பிடித்தால் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் புறப்பட்டதும் தவுக்கே என் பக்கம் திரும்பினார். விற்றதில் தங்கிய பெட்டிகளைவிடத் திரும்பி வந்த பெட்டிகள்தான் அதிகம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஸ்டெல்லா, அந்த பம்பு ஒழுங்கா ஓடுச்சின்னா உன் மேச இங்கயே இருக்கும். ஓடல, அந்த எடத்துல நான் ஐஸ்பெட்டி வச்சி விக்கப் போறேன்."

சூடு இல்லாத பெட்டி

என் மேசை போனால் எனக்குப் போக ஓர் இடம்தான் உண்டு, அந்த மைக்ராஸ்கோப்பு. அந்தப் பயத்தோடு பெட்டியைச் செய்தேன். மதியச் சாப்பாட்டு மங்கு அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு சில்லு, ஒரு கடிகாரம், கரண்டு போனாலும் கடிகாரம் நிற்காமல் இருக்க ஒரு சின்னப் பேட்டரி. தொட்டியில் ஒரு மிதவை. அங்கிருந்து பம்பு வீட்டுக்கு ஒரு ஒயர். பாலிங் வரை பஸ், அங்கிருந்து தோட்டத்து லோரி. பம்பு வீட்டுச் சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தேன்.

பம்பைப் பார்த்துக்கொள்கிறவர் மாரியப்பன் அண்ணன். காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை பம்பை ஓட்டுவது அவர் வேலை. அவருக்கு வேறு யாரையும்விட இந்தப் பெட்டி மேல் ஆசை. பம்புக்குப் பயந்து அவர் எந்தக் கல்யாணத்திலும் சாப்பாட்டுப் பந்தி வரை உட்கார்ந்ததே இல்லையாம். தாலி கட்டியதும் மொய்யைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவாராம். இவ்வளவு ஆசை வைத்த மனுஷன் செய்த காரியத்தைப் பாருங்கள். மறுநாள் காலை பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்திருக்கிறார், காய்ச்சல் பிள்ளைக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. சில்லென்று இருந்திருக்கிறது. காதை வைத்துக் கேட்டிருக்கிறார், சத்தமில்லை. பம்பு என்றால் சூடும் சத்தமும் உள்ள சாமான். இது போய்ச் சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, தானே சுவிட்சைப் போட்டுப் பம்பை ஓட்டினார். தொட்டி நிறைந்து வழிந்தது. தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கி மேனேஜர் பங்களாவின் ரோஜாப் பாத்திக்குள் போனது.

நான் ஓடினேன். கொஞ்சமாகக் கரண்டு குடிக்கிற சாமான் சூடாகாது, அதுதான் அதன் பெருமை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார், ஆனால் கையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. அவருக்கு என் சொல்லைவிட ஓர் அடையாளம் தேவைப்பட்டது. கடைசியில், பெட்டியின் முகத்தில் ஒரு துளை போட்டு, கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்றை வைத்து விட்டுவிட்டு எரியும்படி செய்தேன். பெட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மாரியப்பன் அண்ணன் எட்டி நின்று பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தாம்மா கண்ணத் தொறந்திருக்கு."

நிற்காத பம்பு

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேனேஜர் போன் செய்தார். பம்பு ஓட ஆரம்பித்தால் நிற்பதே இல்லையாம். மோட்டார் கொதிக்கிறதாம், கருகிய வாசனை வருகிறதாம். "உங்க பெட்டிக்கு ஆரம்பிக்கத் தெரியுது, நிறுத்தத் தெரியல" என்றார். நான் போனை வைத்துத் திரும்பினால், தவுக்கே அளவு நாடாவை எடுத்து என் மேசை இருந்த இடத்தை அளந்துகொண்டிருக்கிறார். அவர் வேண்டுமென்றே என்னைப் பார்க்காமல் அளந்ததுதான் எனக்கு எரிச்சல்.

தோட்டத்துக்குப் போய் மிதவையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒயரைப் பார்த்தேன், சில்லைப் பார்த்தேன், எல்லாம் சரி. தொட்டிதான் நிறையவில்லை. எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்று மாரியப்பன் அண்ணனும் நானும் குழாய் வழியே லாலான் புல்லுக்குள் இறங்கி நடந்தோம். அட்டைக் கடிதான் மிச்சம், ஒழுகல் இல்லை. களைத்துப் போய், தோட்டத்து ஜனங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தின் முதல் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். அது அஞ்சலை அக்கா வீடு. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பாவம் பிள்ளை என்று எனக்கு ஒரு கோப்பை கோப்பி போட்டுக் கொடுத்தார்.

கோப்பியை வாயில் வைக்கவில்லை, கீழே பம்பு 'டுபு டுபு' என்று கிளம்பியது. அஞ்சலை அக்கா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நிமிர்ந்து பார்த்தால் லயம் முழுக்க ஓடுகிறது. வாளி, குடம், எண்ணெய் டின், குழந்தை குளிக்கிற பேசின், ஒரு வீட்டில் கறிச்சட்டிகூட. எல்லாம் ஏற்கெனவே நிறைந்திருந்த பாத்திரங்கள். அதையெல்லாம் வாழை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, புதுத் தண்ணீர் பிடிக்கிறார்கள். பம்பு ஏற்றுகிறது, இவர்கள் இறக்குகிறார்கள். தொட்டி நிறையவில்லை என்று பெட்டி பம்பை நிறுத்தவில்லை. பம்பு நிற்கவில்லை என்று இவர்கள் பிடிப்பதை நிறுத்தவில்லை. பெட்டி வருவதற்கு முன்பெல்லாம் பம்பு ஓடுகிற நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் கால் தானாக ஓடும்படி வருஷக்கணக்காக வளர்ந்த உடம்புகள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பிழைப்பு இந்த வாளிகளில் தொங்குகிறது என்று நினைத்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. வாசலில் நின்று கத்தினேன். "அக்கா, இனிமே ஓட வேணாம். தொட்டி நெறைய விட்டீங்கன்னா எந்நேரமும் கொழாயில தண்ணி வரும்!" அஞ்சலை அக்கா இரண்டு கையிலும் வாளியோடு நின்று, எனக்குப் புத்தி சரியில்லையோ என்று பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

"எந்நேரமும் வரும்னா, அப்புறம் எந்த நேரத்துலம்மா புடிக்கறது?"

ஓடாத பம்பு

அஞ்சலை அக்காவின் கேள்வி என்னை விடவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். தண்ணீருக்குத் தவித்தவர்களைத் தவிக்காதே என்று சொல்லித் திருத்த முடியாது. பெட்டியை மாற்றுவது சுலபம். தோட்டத்தில் எல்லாரும் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய்விடுவார்கள், அதாவது ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்கு. அங்கிருந்து நேரே பால் வெட்டப் போனால் திரும்ப மதியமாகும். பெட்டிக்குள்தான் கடிகாரம் இருக்கிறதே. அவர்கள் இல்லாத நேரத்தில் ஓடு, வீட்டில் இருக்கிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிரு என்று புரோகிராமை மாற்றி எழுதினேன். புதுச் சில்லைக் கொண்டுபோய்ச் செருகினேன். பம்பு இனி மாரியப்பன் அண்ணனைத் தேடாது என்று சொன்னதும், அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சுங்கை பட்டாணியில் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். முதல் பந்தி, கடைசிப் பந்தி இரண்டிலும் உட்காரப் போவதாகச் சொன்னார்.

கொஞ்ச நாள் போன் வரவில்லை. நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்தத் திரி அணைவதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். லயத்து ஜனங்கள் எல்லாம் திரண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார்களாம். பம்பு செத்துவிட்டதாம், நாள் கணக்காகச் சத்தமே இல்லையாம். ஒரு மாதமும் முடியப் போகிறது, வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போங்கள் என்றார். தவுக்கே, "வா, நானும் வரேன்" என்று வேனை எடுத்தார். வேனின் பின்னால், அட்டைப் பெட்டியில், பாலிங்கில் யாருக்கோ கொடுக்க வேண்டிய ஐஸ்பெட்டி ஒன்று ஆடிக்கொண்டே வந்தது. அதன் ஒவ்வோர் ஆட்டமும் எனக்கென்றே ஆடியதுபோல் இருந்தது.

ஆபீஸ் வாசலில் கூட்டம். பம்பு ஓடுவதைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மாரியப்பன் அண்ணன். அவரோ சுங்கை பட்டாணியில் இலை முன்னால் இருக்கிறார். பகலில் லயத்தில் மிஞ்சுவது, ஆயா பார்த்துக்கொள்கிற கொட்டகைப் பிள்ளைகள்தான். அந்த அழுகைக்கு மேல் எந்தப் பம்பு காதில் விழும்? நான் நேரே லயத்துக்கு நடந்தேன். எல்லாரும் பின்னால் வந்தார்கள். முதல் வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். வேலிக் கம்பு ஒவ்வொன்றிலும் ஒரு வாளி கவிழ்த்து மாட்டியிருந்தது. எல்லாம் காய்ந்த வாளிகள். எண்ணெய் டின்னுக்குள் ஒரு கோழி முட்டையிட்டிருந்தது. குழந்தை பேசினில் குழந்தையே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் செய்ததெல்லாம் அந்தக் காய்ந்த வாளிகளுக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மேனேஜர் குழாயைத் திறந்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவர் சப்பாத்தையும் கால்சட்டையையும் நனைத்தது. அவர் அதை மூடவில்லை. "தண்ணி வருதே அஞ்சலை. அப்புறம் என்ன பெராது?" என்றார். அஞ்சலை அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தண்ணிக்கு ஒரு கொறையும் இல்ல தொர. பம்பு ஓடாமயே வருது, அதான் பயமா இருக்கு."

முதலில் சிரித்தது தவுக்கேதான். பிறகு மேனேஜர், பிறகு லயமே. நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் குழாயிலேயே கண்ணைக் கழுவிக்கொண்டேன். மேனேஜர் பெட்டியை வைத்துக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒன்று சொல்லிவைத்தார். திரும்பி வரும் வழியில், ஐஸ்பெட்டியைப் பாலிங்கில் இறக்கிவிட்டு வேனில் ஏறிய தவுக்கே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஸ்டெல்லா, ஐஸ்பெட்டிக்கு நான் வாசப்பக்கம் எடம் பாத்துட்டேன். உன் மேசைக்கு நல்ல விரிப்பு ஒன்னு வாங்கிக்க லா."

பம்பு வீட்டில் ஒரு சட்டை

எண்பதுகளின் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காகப் பாலிங் போனவள், மனசு கேட்காமல் அந்தத் தோட்டத்துக்கும் போனேன். மாரியப்பன் அண்ணன் பென்ஷன் வாங்கிக்கொண்டு மகள் வீட்டோடு போய்விட்டாராம். பம்பு வீட்டில் எனக்குத் தெரியாத ஒருவர் இருந்தார், தோட்டத்துக்குப் புதுசு. பம்புக்கு எண்ணெய் போடுவது, வாசலைக் கூட்டுவது மட்டும்தான் தன் வேலை, சுகமான வேலை என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரில் நான் அடித்த நாலு ஆணியும் இருந்தன. பெட்டியின் ஒரு மூலை துருப்பிடித்திருந்தது. அடியில் பல்லி முட்டை இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே அவருடைய சாப்பாட்டு மங்கு. பெட்டியின் முனையில் அவருடைய சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பைக்குள்ளிருந்து கடுகளவு சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. வெளியே லயத்துப் பக்கம் யாரோ குழாயைத் திறந்து போட்டுவிட்டு, ஆற அமரப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளியும் ஓடவில்லை. எனக்குப் பெருமையும் கோபமும் ஒன்றாகப் பொங்கின. தெரியாதவள்போல், "இது என்ன அண்ணே?" என்று பெட்டியைக் காட்டினேன். அவர் சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அதுவாம்மா? சட்ட மாட்டறதுக்கு யாரோ புண்ணியவான் அடிச்சி வச்சிட்டுப் போயிருக்காரு."

ஓடாத நாளில் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள், ஓடுகிற நாளில் அதன் மேல் சட்டையை மாட்டினார்கள். சின்னப் பெட்டிக்காரர்களே, இதைவிட நல்ல சான்றிதழை எந்தத் தொரை நமக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார், சொல்லுங்கள்!